ஹார்ட்வேர் கடையில் சந்தித்த அண்ணனுக்கு

தொண்டையில் துளையிட்டு மூச்சுவிடக் குழாய் பொருத்தப்பட்ட எங்கள் இரண்டு வயது மகளை ஐந்து மாதங்களுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலுள்ள வீட்டுக்கு அழைத்துவர ஆயத்தமானபோது, சளியைப் பத்து வினாடிக்குள் உறிஞ்சி எடுக்கவும், அதே அளவிலும் ஓர் அளவு சிறியதாகவும் மாற்றுக் குழாய்களை எப்போதும் உடன் வைத்திருக்கவும் தாதியர் பொறுமையாகக் கற்றுத்தந்திருந்தனர். பழைய தோட்ட வீட்டின் வயர்களைப் பற்றி நான்தான் யோசிக்கவில்லை.

எக்ஸ்டென்ஷன் வயர் வாங்க நின்ற என்னிடம் அது எதற்கென்று கேட்டீர்கள். ஆக்சிஜன் கருவி, சளி உறிஞ்சும் கருவி, நெபுலைசர் மூன்றையும் அதில் செருகப்போகிறேன் என்றதும், அதை என் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்திலேயே மாட்டினீர்கள். அன்று மாலையே, நான் கேளாமலே, கருவிப் பையுடன் வந்து, பலகைச் சுவரில் நைந்து கிடந்த வயர்களைக் களைந்து, கட்டிலருகே தனித்தனிப் பிளக் பாயிண்டுகளைப் பொருத்தி, மின்தடை வந்தால் சளி உறிஞ்சும் கருவி ஓட பேட்டரியும் இன்வெர்ட்டரும் இணைத்துத் தந்தீர்கள். பொருள்களுக்கான பணத்தைத் தவிர ஒரு வெள்ளியும் வாங்கவில்லை. மனைவி தந்த தேநீரை மட்டும் முழுதாகக் குடித்தீர்கள். அதில் சீனி போட மறந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

சென்ற வாரம் இடிமழையில் லயத்து வீட்டு வரிசை முழுதும் இருண்டது. ஆக்சிஜனைச் சிலிண்டருக்கு மாற்றினோம். உறிஞ்சும் கருவி நிற்கவே இல்லை. பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அண்ணே. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். இம்முறை சீனி போட்டுத் தருகிறோம்.