ஈரானில் தொழில் செய்யும் மீனவர்களுக்குப் பாரசீக மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஈரானில் வேலை செய்யும் மீனவரின் மனைவி,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சென்னை.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். என் கணவர் ஈரானின் கீஷ் தீவில் படகுத் தொழிலுக்குப் போயிருக்கிறார். எங்கள் கடற்கரையில் இருந்து இப்படிப் போனவர்கள் ஏராளம். கொரோனா காலத்தில், 2020 ஜூலை 1 அன்று, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இருந்து நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் 687 பேரைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்ததே, அதில் மீனவர்கள்தான் நிறையப் பேர்.

2024-இல் ஐந்து மாதப் பங்குப் பணம் பாக்கி நின்றது. படகு முதலாளி ஒரு தொகையைச் சொல்லி, பாரசீகத்தில் எழுதிய தாளை நீட்டினார். அங்கே இருந்து பழகியதில் என் கணவருக்கு எண்கள் மட்டும் படிக்கத் தெரியும். சொன்ன எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்றுதான். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அங்கே பணத்தைப் பேச்சில் தோமான் கணக்கில் சொல்வார்கள், எழுத்தில் ரியால். பத்து ரியால் சேர்ந்தால்தான் ஒரு தோமான். கைக்கு வந்தது பத்தில் ஒன்று. "இனி பாக்கி எதுவும் இல்லை" என்ற வரியும் அந்தத் தாளில் இருந்திருக்கிறது.

புகார் கொடுத்தபின் விசாரணைக் கடிதம் வந்தது. அதன் படத்தை அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அரபி படித்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். எழுத்தை வாசித்தார், பொருள் புரியவில்லை. எழுத்து அரபியைப் போல இருந்தாலும் மொழி வேறு அல்லவா? "1403, மெஹர் 15" என்ற தேதியும் பிடிபடவில்லை. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் அப்போது 1446 நடந்துகொண்டிருந்தது. அது ஈரானியர்களின் சூரிய நாள்காட்டி, நம் கணக்கில் 2024 அக்டோபர் 6 என்று தெரிந்தபோது அந்த நாள் கடந்து போயிருந்தது. கைப்பேசி மொழிபெயர்ப்பு செயலியிலும் போட்டுப் பார்த்தேன். கையால் எழுதிய பகுதியை அதனால் படிக்கவே முடியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே படித்தவர்கள், படிப்பிப்பவர்கள் உதவியோடு பாரசீக மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றைத் தங்கள் துறை தயாரிக்க வேண்டும். பாரசீகத்தில் இருந்து நேரே தமிழுக்குச் சொல்லக்கூடியவர் சிலரே கிடைத்தாலும் போதும். கட்டணத்தை அரசு ஏற்க வேண்டுகிறேன். சம்பளமே வராத வீட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்டால் எங்கே போவோம்?

எழுத்து வேலைக்கு ஒரு நாள் காத்திருக்கலாம். காவல் நிலையத்தில் நிற்பவரால் காத்திருக்க முடியாது. அதனால் தொலைபேசியில் உடனே பேசி விளக்க ஒருவர் தனியாக வேண்டும். அப்புறம், பந்தர் அப்பாஸில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் இதை எழுதி, விசாரணை நாளில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடன் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி கையில் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

என் கணவர் கையெழுத்திட்ட தாளையும் விசாரணைக் கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பட்டியல் தயாராக நாளாகும் என்றாலும், இந்த இரண்டையும் முதலில் யாரையாவது கொண்டு படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மறு விசாரணை கேட்க இன்னும் வழி இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவரின் மனைவி