சம்பளப் பேச்சில் மானத்தை இழுக்காதீர்கள்

விளையாட்டு வாரியங்களையும் சங்கங்களையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வீரர்கள் ஊதியத்தைப் பற்றி வாய் திறந்தாலே உங்களில் பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நாட்டுக்காக ஆடுவதே பெருமை இல்லையா?" பெருமைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அது ஆடுகிறவருடைய பெருமை. அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

காசு வாங்குகிறவன் மனம் வைத்து ஆடமாட்டான் என்று ரசிகர்கள் நாங்களும் பேசுவதுண்டு. நானும் பேசியிருக்கிறேன். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் கடைசி நாளைப் பார்த்ததோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அன்று காலை அஸ்வினால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, குனிந்து ஷூ லேஸ் கட்டவும் முடியவில்லை என்று அவருடைய மனைவி பிறகு எழுதினார். எதிர்முனையில் நின்ற ஹனுமா விகாரிக்குத் தொடைத் தசையில் காயம். ஒரு ரன் ஓடுவதே பெரும்பாடு. அந்த நிலையில் விகாரி 161 பந்துகளைச் சந்தித்து 23 ரன் எடுத்தார், அஸ்வின் 128 பந்துகளில் 39. நாற்பது ஓவருக்கு மேல் இருவரையும் அசைக்க முடியவில்லை, ஆட்டம் டிரா. இருவரும் கூலி வாங்கி ஆடும் தொழில்முறை வீரர்கள்தாம். வந்த வேகத்தில் ஆட்டமிழந்து திரும்பியிருந்தாலும் ஆட்டக் கட்டணம் ஒரு காசு குறைந்திருக்காது.

நீங்கள் உடனே அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பையைக் காட்டுவீர்கள். 2025இல் அமெரிக்க கோல்ஃப் வீரர்களுக்குத் தலா 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள்; அதில் 3 லட்சம் அறக்கொடைக்கு, மீதி அவர்கள் கைக்கு. ஐரோப்பியர்கள் எங்களுக்குக் காசு வேண்டாம் என்றார்கள். 15-13 என்று வென்றவர்களும் அவர்கள்தாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொன்னது வீரர்கள், வாரியம் அல்ல. வேறு போட்டிகளில் கோடிகளைச் சம்பாதித்தவர்கள் அப்படிச் சொல்ல முடிந்தது. அதே போட்டிக்கு அப்போது ஒரு நாள் டிக்கெட் சுமார் 750 டாலர். பெருமைக்காக ஆடுங்கள் என்பவர்கள் அந்தப் பெருமையை இலவசமாகக் காட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

சம்பளமே இல்லாத ஆட்டமும் உண்டு. அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டங்களான கேலிக் கால்பந்திலும் ஹர்லிங்கிலும் இறுதிப் போட்டியைக் காண டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். ஆடி முடித்தவர்கள் மறுபடி தங்கள் வழக்கமான வேலைக்குத் திரும்புவார்கள். அங்கே விதியே அப்படி, வீரருக்கு முன்பே தெரியும். தொழில்முறை என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, பட்டுவாடா நாளன்று மட்டும் தொண்டு பேசுவது வேறு கதை.

அந்தக் கதை எங்கே போய் முடியும் என்பதை 2014 கால்பந்து உலகக் கோப்பையில் பார்த்தோம். ஒப்புக்கொண்ட தொகை வராததால் கானா வீரர்கள் பயிற்சிக்கே போக மறுத்தார்கள். கடைசியில் சுமார் 30 லட்சம் டாலர் ரொக்கம் விமானமேறி பிரேசிலுக்குப் போனது. பணத்தாசை பிடித்தவர்கள் என்று உலகமே அவர்களைப் பார்த்துச் சிரித்தது. விமானத்தில் அனுப்பும் நிலை வரும்வரை அந்தப் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. தொகையை அணி கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். காயம்பட்டவருக்கு, ஆட முடியாத மாதங்களுக்கும் ஊதியம் போகட்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் "நாட்டுக்காக" என்று தொடங்கத் தோன்றினால், அந்தக் கூட்டத்துக்கு வந்துபோன உங்கள் பயணப் படியை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு ரசிகன்