காற்றைப் பார்த்துவிட்டு இறங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மற்றதெல்லாம் அண்ணன் சொல்லியிருப்பான். உன் சேதியும் இப்போது அவன் வாயிலாகத்தான் எங்களுக்கு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை, அப்படியாவது வருகிறதே என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு பேர் உட்காரும் கயாக், அதுதான் துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுக்கமான சின்னப் படகு, ஒன்று வாங்கப் போகிறாயாம். லீவு நாட்களில் நீயும் சின்னவனும் போகப் போகிறீர்களாம். சரி. தண்ணீரைக் கண்டு பயப்படாமல் வளர்ந்தவள் நீ. உன் அண்ணன் இன்னமும் படிக்கட்டிலேயே நிற்கிறான், உனக்கே தெரியும். ஆனால் நமக்கு நீச்சல் தெரியும் என்பது வேறு, ஏழு வயதுப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துத் துடுப்புப் போடுவது வேறு. பெரியத்தை வீட்டில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

நான் கயாக்கில் ஏறியவன் இல்லைதான். ஆனால் வேலைக்காலம் முழுக்க மதகோடும் தடுப்பணையோடும் கிடந்தவன். தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று கொஞ்சம் தெரியும். அதனால் கேள்.

அமைதியான இடம் என்றால் அசையாத தண்ணீர் என்று நினைத்துவிடாதே. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வீசும்போது நீ நிற்கிற கரையோரம் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். மேடும் மரங்களும் காற்றை மறைத்துவிடும், அலை கிளம்ப அங்கே இடமும் இருக்காது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போன பிறகுதான் காற்று உங்களைப் பிடித்துத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போது முழுக்க எதிர்க்காற்று. அதற்குள் அவன் களைத்துப்போய் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டிருப்பான், போடுகிற ஆள் நீ ஒருத்திதான். அதனால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போ, வரும்போது அது உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கடற்கரையில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசினால், தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்கவே இறங்காதே.

பியூஃபோர்ட் என்கிற கடற்படை அதிகாரி 1805-இல் காற்றுக்கு ஓர் அளவுகோல் போட்டு வைத்தார். இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 2 என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர்: முகத்தில் காற்றுப் படும், இலை சலசலக்கும், சிற்றலை இருக்கும், ஆனால் உடையாது. 3 என்றால் 12 முதல் 19: இலைகள் ஓயாமல் ஆடும், அங்கங்கே அலையின் தலை வெள்ளையாக உடையும். ஒரு வெள்ளை கண்ணில் பட்டாலும் அன்றைக்குப் படகை இறக்காதே. பிள்ளை அழுதால் அழட்டும், கரையில் விளையாட வை. பெரும்பாலும் காலையில் காற்று குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறக் கிளம்பும். நீ விடுமுறையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

பெரிய ஏரிதான் அழகு என்று போகாதே. காற்று தடையில்லாமல் ஓடிவரும் தூரம் கூடக் கூட அலையும் பெரிதாகும். சின்ன ஏரி, அல்லது பெரிய ஏரியில் ஒதுங்கின ஒரு மூலை, அது போதும். கரை சரிவாக இறங்க வேண்டும், இடுப்பளவு ஆழத்தில் நீ நடந்தே பிள்ளையைத் தூக்கிவர முடிய வேண்டும். சுவர் கட்டின கரை வேண்டாம். அலை சுவரில் மோதித் திரும்பும், படகு தாறுமாறாக ஆடும், விழுந்தால் ஏறப் பிடியும் கிடைக்காது. மோட்டார் படகுகள் ஓடுகிற பக்கமும் வேண்டாம். தப்பித்தவறி ஒன்று கிளப்பிய அலை வந்தால் படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பு, பக்கவாட்டில் வாங்காதே. நடுத்தண்ணீருக்குப் போகாமல் கரையை ஒட்டியே போ. எங்கெங்கே கரையேறலாம் என்று கண்ணால் குறித்துக்கொண்டே போ.

ஆறு வேண்டாம். இந்த வருஷம் வேண்டாம். ஆறுகளை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள், ஒன்று என்றால் புதியவர்களுக்கும் சரி என்று உன்னிடம் யாராவது சொல்லுவார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் தண்ணீர் பார்வைக்குச் சாதுவாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். பிள்ளையை வைத்துக்கொண்டு புதிதாகத் துடுப்புப் போடுகிறவள் மணிக்கு நாலு போனால் பெரிது. எதிர்நீச்சலில் நின்ற இடத்திலேயே நிற்பாய். கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாமல் சிக்கிக்கொள்வார். அப்புறம் தடுப்பணை. மேலேயிருந்து வருகிற படகுக்கு அது தெரியாது, ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு தெரியும், அவ்வளவுதான். அரை ஆள் உயரமே இருந்தாலும், விழுந்த தண்ணீர் அடியில் போய் மேலே எழும்பி மறுபடி அணையைப் பார்த்தே திரும்பும். ஒரு தடுப்பணைக்குக் கீழே ஒரு மரக்கட்டை மத்தியானம் முழுக்க அதே இடத்தில் உருண்டுகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வெளியே போக முயன்று முயன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மழையே இல்லாமல் மட்டம் ஏறும், அதையும் சேர்த்துக்கொள்.

கழிமுகம், காயல் பக்கம் போனால் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள். பெரும்பாலான இடங்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஆறில் மூன்றாவது, நாலாவது மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் போய்விடும், இழுப்பு அப்போதுதான் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். காலையில் மிதந்து போன ஓடையில் திரும்பும்போது சேறுதான் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் வளர்ந்தாலும் போடலாம் என்று பெரிதாக வாங்கிவிடாதே. பள்ளிக்கூடச் சட்டைக்கு அது சரி. போட்டுப் பக்கிளை மாட்டியபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார். மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது அவனுடையது இல்லை. கால்களுக்கு நடுவே வாரும் கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தூக்கக் கைப்பிடியும் இருக்கிறதா என்று பார். காற்று ஊதும் கைவளையம் எல்லாம் குளத்து விளையாட்டுக்கு. பயத்தில் அவனைப் படகோடு கட்டிவிடாதே, கவிழ்ந்தால் அதுவே எமன். நீயும் போட்டுக்கொள். நீச்சல் தெரியும் என்று சொல்லுவாய், தெரியும் என்று எனக்கும் தெரியும், போட்டுக்கொள்.

உள்ளே கால் நுழைக்கும் படகைவிட மேலே உட்காரும் வகை நல்லது. கவிழ்ந்தாலும் யாரும் உள்ளே மாட்ட மாட்டார்கள், திரும்ப ஏறுவதும் சுலபம். நீ பின்னால், அவன் முன்னால், அப்போதுதான் அவன் உன் கண் முன்னால் இருப்பான். முதல் நாளே இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும், ஆனால் உனக்கு ஒரு விஷயம் புரியும்: பிள்ளையை ஒரு கையில் பிடித்து, படகை ஒரு கையில் பிடித்தால், துடுப்பைப் பிடிக்கக் கையில்லை. இரண்டு பெரியவர்கள் போனால் அந்தக் கஷ்டம் இல்லை. மூன்று பேர் உட்காரும் படகும் கிடைக்கிறதாம். அண்ணன்தான் சொன்னான். அவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை நான்.

தண்ணீர் குளிர்ந்திருந்தால் வெயிலுக்கு ஏற்ற மாதிரி உடுத்தாதே, தண்ணீருக்கு ஏற்ற மாதிரி உடுத்து. 15 டிகிரிக்குக் கீழே போன தண்ணீரில் விழுந்தால் மூச்சு தானாக வாரி இழுக்கும். பிள்ளைகள் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அவன் பேச்சு குறைந்தாலே கரைக்குத் திருப்பு. இடி கேட்டால் கரையேறு, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்காதே. காற்றைப் பார். சொன்னதையே சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே, காற்றைப் பார்.

நீ தைரியசாலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அதற்காக எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதில்லை.

இந்தச் சனிக்கிழமை கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடு. எந்த ஏரி, எந்தப் பக்கம் இறங்குகிறாய், எத்தனை மணிக்குக் கரையேறுவாய், இவ்வளவுதான். தண்ணீரில் போகிறவர்கள் எல்லோரும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அங்கே நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நம்பரும் எழுது. மாப்பிள்ளை நம்பர்தான் என்றால் எழுத வேண்டாம், என்னிடம் இருக்கிறது. வேறு யாராவது என்றால் பெயரையும் சேர்த்து எழுது. அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா