தம்பியைப் பற்றி நீ எழுத வேண்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அப்படியே போட்டுவிடாதே.

தம்பிக்கு ஐஎச்எஸ்எஸ் கேட்டு விண்ணப்பித்துவிட்டோம். இவனைப் போன்ற பிள்ளைகளை பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள கலிபோர்னியா அரசு தரும் உதவி அது. பெற்றவளே பராமரிப்பாளராகப் பதிந்துகொண்டு மணிக்கணக்கில் ஊதியம் வாங்கலாம். அதற்கு மெடிகால், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு, வேண்டும். அப்பா சம்பளத்துக்கு அது எப்படி என்று கேட்பாய். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் ரீஜனல் சென்டர் வழியாகப் போனால் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மெடிகால் கிடைத்துவிட்டது.

குளிப்பாட்ட, உடுத்த, ஊட்ட என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு உண்டு. ஆனால் பெரிய விஷயம் கண்காணிப்புதான். ஆபத்து எது என்று அறியாத பிள்ளைக்கு 24 மணி நேரமும் ஆள் துணை வேண்டும் என்று காட்டிவிட்டால், எல்லாம் சேர்த்து மாதம் 283 மணி நேரம் வரை கிடைக்கும். அதற்கான 821 படிவத்தை டாக்டர் நிரப்பித் தந்துவிட்டார்.

ஐஎச்எஸ்எஸ் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மாள், "ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எந்தப் பெற்றோருக்கும் கடமைதானே?" என்றார். எந்த ஒன்பது வயதுப் பிள்ளை நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு சாலைக்குப் போகிறது? போன கோடை விடுமுறையில் நீதானே ஓடிப்போய்ப் பிடித்தாய்! அடுப்பின் குமிழைத் திருகி, நீலச் சுடரைத் தொட விரலை நீட்டியதையும் பார்த்தாய். அதையெல்லாம் அவர்களுக்கு ஒரு கடிதமாக எழுது. எந்த நாள், என்ன நேரம், யார் தடுத்தது, தடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது வரை.

பிள்ளையைப் பிறர் முன் விட்டுக்கொடுத்து நமக்குப் பழக்கமில்லை. உன் பாட்டியாக இருந்தால் வருகிற அதிகாரிக்குக் காபி கொடுத்து, பேரன் சமர்த்து என்று சொல்லி அனுப்பிவிடுவார். நீ பூசி மெழுகாதே. அதே சமயம் பிடிவாதம், முரட்டுத்தனம் என்றும் எழுதிவிடாதே. வேண்டுமென்றே செய்கிறான் என்று எடுத்துக்கொண்டால் கண்காணிப்பு மணி கிடைக்காது. நடப்பதும் அதுவல்லவே. சுட்டால் வலிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அதை உள்ளபடி எழுது.

மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உன் கடிதம் அங்கேயும் பயன்படும். செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பு. அசலைத் தபாலில் போடு.

இரவில் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா