இடிந்த கோட்டை என்று தாண்டிப் போகலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையில், தெற்கு எல்லைப் பக்கத்துக் கோட்டைகளை 'இடிந்து கிடக்கும் சுவர்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். எடின்பரோவைப் பற்றி அத்தனை விரிவாக எழுதியவர், கார்லாவராக் கோட்டைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம். கிளாஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதை நிதானமாகப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

டம்ஃப்ரீஸ் ஊருக்குத் தெற்கே, சால்வே கழிமுகத்தை ஒட்டி நிற்கிறது கோட்டை. எதிர்க்கரை இங்கிலாந்து. முக்கோண வடிவம், சிவந்த மணற்கல், வாசலில் இரட்டைக் கோபுரம், அகழியில் இன்றும் தண்ணீர். 1300இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டே பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். சரணடைந்து வெளியே வந்தவர்கள் மொத்தமே 60 பேர்தானாம். அந்த முற்றுகையைப் பாடும் பழைய பிரெஞ்சுப் பாட்டு அப்படிச் சொல்கிறது.

சரி, எல்லைக் கோட்டை என்றால் எதிரிதான் இடித்திருப்பான் என்று நினைப்போம். இங்கே கதை வேறு. 1312 வாக்கில் இதை முதலில் இடித்தவர் சொந்தக்காரரான யூஸ்டஸ் மாக்ஸ்வெல். கோட்டை மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனாலும் அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்பது ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் கணக்கு. அப்புறம் அதே குடும்பம்தான் திரும்பக் கட்டியது.

முற்றத்தின் கிழக்குப் பக்கத்தை விட்டு எனக்கு நகரவே மனம் வரவில்லை. 1603இல் இரு நாட்டுக்கும் ஒரே மன்னர் என்றானதும், இனி எல்லைச் சண்டை ஏது என்ற தைரியம் வந்திருக்கும்போல. 1634 வாக்கில் அதே மாக்ஸ்வெல் குடும்பத்து நித்ஸ்டேல் பிரபு கோட்டைக்குள்ளேயே ஒரு மாளிகை எழுப்பினார். வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். அவற்றின் தலைமேல் குடும்பச் சின்னங்களும் புராணக் காட்சிகளும் செதுக்கிய கற்கள். இப்போது கூரை கிடையாது. செதுக்கல்கள் மட்டும் இன்னும் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருக்கின்றன. பாவம், அந்த நிம்மதி 6 வருடம்தான். பிரபு கத்தோலிக்கர், மன்னர் முதலாம் சார்லஸின் ஆள். 1640இல் மன்னரின் மதக் கொள்கையை எதிர்த்த ஸ்காட்லாந்துக்காரர்களே 13 வாரம் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். தெற்கு மதிலையும் ஒரு மூலைக் கோபுரத்தையும் தகர்த்தார்கள். கட்டுரையாளர் கண்ணில் பட்ட 'இடிந்த சுவர்' அதுதான்.

தொடரின் அடுத்த பகுதியில் எல்லைப் பக்கம் போவதாக இருந்தால் கார்லாவராக்கையும் ஹெர்மிடேஜ் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளட்டும். மழைக்கோட்டு கட்டாயம்.

– வாசகர், மதுரை