காரத்தின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அவர்களின் வயிற்றுப்போக்குக்கு நம் சமையலின் காரமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

பயணிகளின் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நம் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சு சுரக்கும் வகை. நச்சுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கும் தட்டில் பார்க்கும்போது சாதுவும் கொடியதும் ஒன்றுபோலவே தெரியும், பி.சி.ஆர். போன்ற சோதனையில் நச்சு மரபணுவைத் தேடினால்தான் குட்டு வெளிப்படும்.

அது சுரக்கும் நச்சுகள் இரண்டு. ஒன்று வெப்பத்தில் சிதைவது, காலரா நச்சுக்கு நெருங்கிய உறவு. (அந்தக் காலரா நச்சை 1959இல் கொல்கத்தாவில் முயல் குடலில் சோதித்து நிறுவிய சம்புநாத் டேக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.) மற்றது கொதிநிலையையும் தாங்கும் சின்னஞ்சிறு புரதத் துணுக்கு. அப்படியானால் கொதிக்கவைத்து என்ன பயன் என்று கேட்கலாம். கிருமி உயிரோடு உள்ளே போய், குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கேதான் நச்சைச் சுரக்கிறது. கொதிக்கும் நீரில் கிருமியே செத்துவிடுவதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கானாடுகாத்தான் பக்கம், விடுதியாக மாறிய பழைய வீடொன்றில் விருந்தினருக்குக் காலைப் பலகாரம் பரிமாறியதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பணியாரம் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வந்தது. அதில் குறையே இல்லை. விடியற்காலையில் அரைத்துவைத்த சட்னி கெட்டியாகிவிட்டது என்று சமையற்காரர் குடத்திலிருந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். அந்த நீரைச் சோதிக்க எனக்கு வாய்ப்பில்லை; ஆனால் இக்கிருமி நுழைய அதைவிட அகலமான வாசல் வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாற்றில் போடும் ஐஸ் கட்டிக்கும் இதுவே பொருந்தும். நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது பதிலாகாது, சிறுவயது முதல் பழகியதால் நம் உடலுக்கு ஓரளவு எதிர்ப்பு உண்டு.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைக்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்க வேண்டுகிறேன். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கி, மீதியை மடித்து வைக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.