சாலையோரத்தின் கறுப்பும் வெள்ளையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டதை அறிந்து மிகுந்த நிம்மதி அடைந்தேன். நான் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பற்றி, "என்னவென்றே புரியவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

முதல் படத்தில் இருப்பது மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையோரத்து மதில். சினிமா, கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தடித்துப்போன அந்த இடத்தில், பசையின் ருசிக்காக மாடுகள் தங்கள் கழுத்து எட்டும் உயரம்வரை காகிதத்தை உரித்துத் தின்றிருந்தன. அதனால் கிழிசல்கள் கீழிருந்து மேலாகக் கூர்ந்து சென்று, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிட்டிருந்தன. அந்த மட்டத்தை மட்டுமே படத்துக்குள் கொண்டுவந்தேன். வாசிக்கக்கூடிய எழுத்து ஒன்றுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொண்டேன். ஓர் எழுத்து தெரிந்தாலும் போதும், கண் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிக்கப் போய்விடும்.

வண்ணத்தை ஏன் கைவிட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். வண்ணம் பொருளை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று தெரிந்துகொண்டு நாம் கடந்துவிடுவோம்; வண்ணம் நீங்கினால் ஒரு வளைவும் அதன் கீழே கொஞ்சம் வெண்மையும்தான் மிஞ்சும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒத்த பிரகாசமுள்ள சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதால், லாரியின் பின்பலகையில் பளிச்சென்று தெரிகிற பூவேலை படத்தில் காணாமல் போய்விடும். லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுத்துப் பச்சை கறுக்கும். இன்று அதைக் கணினியிலேயே செய்துகொள்ளலாம். வெளிச்சத்தை அப்படிச் செய்துகொள்ள முடியாது. பஞ்சர் கடை வாசலில் அடுக்கியிருக்கும் பழைய டயர்களின் தேய்ந்த வரிகள் காலைச் சாய்வெயிலில்தான் எழும்பி நிற்கும்.

மனிதர்களை எடுத்துக்கொண்டிருந்தவன் பொருள்களிடம் போய்விட்டேனே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான ஆரன் சிஸ்கிண்டும் (1903–1991) முதலில் நியூயார்க்கின் ஹார்லெம் மக்களைப் படம்பிடித்தவர்தான். 1940களில் உரிந்த பெயின்ட், கிழிந்த சுவரொட்டி என்று திரும்பியவர், 1980களில், முதுமையிலும், சாலை விரிசல்களை அடைக்க ஊற்றிய தாரின் கோடுகளை எடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர்ச் சாலையிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன: ஊற்றியவர் நிதானித்த இடத்தில் தடித்தும், விரைந்த இடத்தில் மெலிந்தும். அந்தத் தொழிலாளியின் முகம் படத்தில் இல்லை என்றாலும் அவருடைய கை முழுவதுமாக இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

கும்பகோணம் வரும்போது பெரிய அளவில் அச்சிட்ட படங்களைக் கொண்டுவருகிறேன். அதற்குள் உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஏதாவதொரு கடையின் ஷட்டரை, நான்கு ஓரங்களிலும் எது வெட்டுப்படுகிறது என்று பார்த்துக் கைப்பேசியில் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கடை என்று எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்